அக்னெஸின் விசிலும் ஹெஸ்கெத் பனியாறும்

பனி இல்லாத காலைகளில் மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பெருந்தெருவின் நடைபாதையில் ஒரு நீளக் கயிறு ஊர்ந்து போவதைக் காணலாம். கயிற்றில் நிறநிறமான துணி வளையங்கள் தைத்திருக்கும். வளையத்துக்கு ஒரு பிள்ளை பிடித்துக்கொண்டு நடக்கும். முன்னால் ஓர் ஆசிரியை, பின்னால் ஓர் ஆசிரியை. பின்னால் நடப்பவள் அக்னெஸ். கார்டெறி என்கிற சிறுவர் காப்பகத்தில் மூன்று வயதுப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை அவளுக்கு.

வேலைக்கு வந்த புதிதில் அவள் முன்னுக்கு நடக்கத்தான் விரும்பினாள். கார்டெறியை நடத்துகிற மதாம் விடவில்லை. முன்னுக்குப் போகிறவளுக்குத் தெரு மட்டும்தான் தெரியும், பின்னுக்குப் போகிறவளுக்கு எல்லாப் பிள்ளையும் தெரியும், அதனால் அனுபவமுள்ளவள் பின்னால் வரட்டும் என்பது அந்த இடத்தின் முறை. விசிலும் பின்னால் வருகிறவளின் கழுத்தில்தான் தொங்கும். அதை ஊதினால் கயிறு நிற்கும். ஏன் என்று நின்ற பிறகு கேட்கலாம்.

அக்னெஸ் மன்னார், வங்காலையில் பிறந்தவள். அங்கே ஒரு பிள்ளை ஏறிப் பார்க்கக்கூடிய உயரம் என்றால் மன்னார்க் கோட்டையின் மதில்தான். அப்படிப்பட்ட ஊரில் இருந்து வந்தவள் மலை ஏறத் தொடங்கியது அவளுடைய கோயில் பங்கின் நடைக் குழுவால். ஒவ்வொரு கோடையிலும் நகரின் மேற்குத் தீவுப் பகுதியில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கர்கள் சிலர் மொன்றியல் மலையில் இருக்கும் சூசையப்பர் பேராலயத்துக்கு நடந்து போவார்கள். பேராலயத்தில் இருந்து லோறன்சியன் குன்றுகளுக்கும், அங்கிருந்து அமெரிக்க எல்லைக்கு அப்பால் உள்ள மலைகளுக்கும் அந்த நடை நீண்டது.

குழுவைத் தொடக்கியவர் ஞானேந்திரன் அண்ணை. இல்-பிசாரில் வீடு. விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அறுபது கடந்தும் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடப்பார். எந்த நடையிலும் அவர்தான் முன்னுக்கு. யாரும் அப்படி ஒரு விதி போடவில்லை. அண்ணை நின்றால் எல்லாரும் நிற்பார்கள், அண்ணை திரும்பினால் எல்லாரும் திரும்புவார்கள், அவரை முந்திப் போக யாருக்கும் கால் வராது.

இரண்டாயிரத்து ஒன்றில் அவர் ஒரு வழிகாட்டியை அமர்த்தி, ஆறு ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு மேற்கே றொக்கி மலைகளுக்குப் போய் ஹெஸ்கெத் பனியாற்றில் கால் வைத்துவிட்டு வந்தார். பனியாறு ஓரங்களில் ஒதுக்கிவிட்ட கல்லும் மண்ணும் நீளமாகக் குவிந்து ஒரு மேடாக நிற்கும். குழுவில் அதைக் கல்வரம்பு என்று சொல்வார்கள். அந்த வருடம் கல்வரம்பின் மேல் நடந்துபோய், சிவப்பு வர்ணம் பூசிய ஒரு கம்பத்தடியில் திரும்பி, வீட்டு வாசற்படி இறங்குவதுபோலப் பனியில் இறங்கியிருக்கிறார்கள். அண்ணை ஒரு போத்தலில் பனியாற்றுத் தண்ணீர் பிடித்துவந்தார். அது அவர் வீட்டுக் குளிர்ப்பெட்டியில், ஊறுகாய்க்குப் பக்கத்தில், நெடுங்காலம் இருந்தது.

அக்னெஸின் மகள் றொஷினிக்கு அந்தக் கோடையில் புதுநன்மை, முதல் நற்கருணை. அதனால் அக்னெஸ் போகவில்லை. அவள் போனது இரண்டாயிரத்து நான்கில்.

அந்த முறை வழிகாட்டி இல்லை. வழிதான் தெரியுமே என்றார் அண்ணை. சிவப்புக் கம்பம் அதே இடத்தில்தான் நின்றது. அதற்கு அப்பால் படியில்லை. பனி இரண்டு மாடி வீட்டின் உயரத்துக்குக் கீழே இறங்கிப் போயிருந்தது. கல்வரம்பின் உட்பக்கம் வெட்டிவிட்டதுபோல நின்றது. முழுக்கச் சரளைக் கல்.

"இதென்ன, பனியைக் காணேல்லை!" என்றார் அண்ணை, யாரோ தூக்கிக்கொண்டு போனதுபோல.

பிறகு அவர் ஒரு சரிவைத் தேர்ந்து இறங்கத் தொடங்கினார். பின்னால் நான்கு பேர். கற்கள் தாமாக உருளுவதை நான்கு பேரும் கண்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அண்ணைக்குத் தெரியாததோ? கொஞ்சத் தூரம் இறங்கியதும் சரிவின் ஒரு துண்டு முழுதாக வழுக்கியது. அக்னெஸின் சிநேகிதி பாலாம்பிகையின் கணுக்கால் இரண்டு கற்களுக்கிடையே அகப்பட்டு உடைந்தது. அங்குள்ள தேசியப் பூங்காவின் மீட்புக் குழு வந்து அவளைத் தூக்கிப் போனது.

பாலாம்பிகை பங்கைச் சேர்ந்தவள் அல்ல. நல்லூர் முருகனைக் கும்பிடுகிறவள். நடைக்காக மட்டும் குழுவில் சேர்ந்தவள். அதனால் விபத்துக்குப் பிறகு பங்குக் கோயில் மண்டபத்தில் கூடிக் கதைத்தவர்களுக்கு இன்னும் கூடுதல் கூச்சமாக இருந்தது. இனி மலைகள் வேண்டாம், சூசையப்பர் கோயில் படிகளே போதும் என்றார்கள்.

"கால் என்ரை," என்றாள் பாலாம்பிகை, ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு. "உடைஞ்ச நானே ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் ஏன் முடிவெடுக்கிறியள்?"

ஆனாலும் இரண்டு கோடைகள் யாரும் மலைக்குப் போகவில்லை. மூன்றாவது கோடைக்காக அக்னெஸ்தான் எழுந்து கேட்டாள். நீண்ட இழுபறிக்குப் பிறகு குழு சம்மதித்தது. இன்னும் ஒரு முறை. வழியைத் தேடி முடிவெடுக்கும் பொறுப்பு அக்னெஸுக்கு. இந்த முறையும் பனியில் கால் வைக்காமல் திரும்பினால், அல்லது யாருக்கும் ஏதும் நடந்தால், குழுவின் மலைப்பயணம் அத்தோடு முடிந்தது.

"நானும் வாறன்," என்றார் அண்ணை. அதை மறுக்க யாரும் அங்கே இருக்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க அக்னெஸ் பூங்கா அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். மறுமுனையில் பேசியவர் ஒவ்வொரு முறையும் ஒரே பெண் காவலர். கம்பத்தடி வழியை மறந்துவிடுங்கள் என்றார் அவர். கல்வரம்பின் மேல் நுனி வரைக்கும் நடந்தால் பாறைத்தட்டுகள் வரும். போன இலையுதிர் காலத்தில் மலையேறுவோர் கழகம் ஒன்று அங்கே சங்கிலி பொருத்தியிருக்கிறது. அதைப் பிடித்துப் பனிக்கு இறங்கலாம். நேரம் கூடுதலாக எடுக்கும், ஆனால் பாறை உறுதியானது.

"யூலையில் திரும்பவும் கேளுங்கள்," என்று ஒவ்வொரு முறையும் முடிப்பார். "இந்தப் பனியாற்றைப் பற்றிக் குளிர்காலத்தில் சொல்வதை நான் கோடையில் பொறுப்பேற்க மாட்டேன்."

பழகுவதற்கு இடம் கண்டுபிடித்தவர் அக்னெஸின் கணவர் றெனோல்ட். கர்க்லாண்டில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்பவர். மலை என்றால் காரில் இருந்து பார்ப்பதே போதும் என்று நினைப்பவர். ஏப்ரலில் ஒரு நாள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னார்:

"அக்னெஸ், உம்மட பனியாறு கர்க்லாண்டுக்கு வந்திட்டுது."

ஒரு சினிமா அரங்கின் கார்த் தரிப்பிடம் அது. குளிர்காலம் முழுவதும் வழித்த பனியை இயந்திரங்கள் ஒரு மூலையில் தள்ளித் தள்ளி ஒரு மலையே எழுந்திருந்தது. ஏப்ரலில் அதன் மேல் உப்பும் சரளையும் படிந்து கறுத்துப் போயிருந்தது. தூரத்தில் பார்த்தால் மண்மேடு. கோடரியால் கொத்தினால் உள்ளே நீலமாகப் பனிக்கட்டி.

ஞாயிறு பூசை முடிந்த நேரத்தில் பயணத்துக்குப் பெயர் கொடுத்த நால்வரும் அங்கே கூடினார்கள். அக்னெஸ், ஞானேந்திரன் அண்ணை, பாலாம்பிகை, நான்காவதாகக் கயல். சென்னையில் இருந்து மொன்றியலுக்கு மென்பொருள் வேலைக்கு வந்த இளம்பெண். பேராலய நடையில் வழி கேட்டு வந்து சேர்ந்தவள். நான்கு பேரும் வழுக்காமல் இருக்கச் சப்பாத்துக்கு அடியில் பனிமுள் கட்டினார்கள். இடுப்புப் பட்டியில் கயிற்றைக் கொளுவினார்கள். அக்னெஸ் நான்கு விசில்கள் கொண்டுவந்திருந்தாள்.

"ஆருக்கு என்ன பிழையாத் தெரிஞ்சாலும் ஊதலாம். ஊதினால் எல்லாரும் நிக்கோணும். ஏனெண்டு நிண்டாப் பிறகு கேக்கலாம்."

கயல் மேட்டின் பாதியில் நின்று குனிந்து பார்த்தாள். "அக்கா, இங்க ஒரு ஷாப்பிங் ட்ராலி புதைஞ்சிருக்கு. நெஜப் பனியாத்துலயும் இதெல்லாம் இருக்குமா?"

"இருந்தால் தள்ளிக்கொண்டு வாரும், பிள்ளை. சாமான் ஏத்தலாம்," என்றார் அண்ணை, முன்னால் ஏறிக்கொண்டே.

தரிப்பிடத்தின் காவலாளி வந்தார். கீழே நின்று பிரெஞ்சில், மதாம், நீங்கள் அங்கே என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டார். பனியாற்றுக்குப் பழகுகிறோம் என்றாள் அக்னெஸ். அவர் மேட்டைப் பார்த்தார், இவர்களுடைய காலைப் பார்த்தார், காரடியில் நின்ற றெனோல்ட்டைப் பார்த்தார்.

"எனக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை," என்றார் றெனோல்ட் பிரெஞ்சில். "நான் கோப்பி கொண்டுவந்தவன்."

படம் பார்க்கச் சனம் வரமுன் இறங்கிவிடுங்கள் என்று காவலாளி சொல்லிவிட்டுப் போனார். அவர் திரும்பி இரண்டு அடி வைக்கவில்லை, அண்ணையின் வலதுகால் தொடை வரைக்கும் பனிக்குள் போனது. தார் சூடேறி மேடு அடியில் இருந்து உருகியிருந்தது. இழுத்து எடுத்தபோது கால் வந்தது. சப்பாத்து வரவில்லை.

"அண்ணை, அது இனி யூனிலதான்," என்றார் றெனோல்ட்.

எல்லாரும் சிரித்தார்கள். அக்னெஸ் சிரிக்கவில்லை. கயிற்றில் அவள் கடைசி ஆள். மேட்டின் வளைவு மறைத்ததால் அந்த இடம் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"அந்த இடம் ஈரமாக் கறுத்துக் கிடக்குது. ஆர் ஆர் கண்டது?"

கயல் மெல்லக் கை தூக்கினாள். "நான் பாத்தேன் அக்கா. ஆனா அங்கிள் பெரியவரு. அவருக்குத் தெரியாதான்னு..."

"நானும் கண்டனான்," என்றாள் பாலாம்பிகை. "அண்ணைக்கு எப்பிடியடி விசில் ஊதுறது? ஆட்டுக்கு ஊதுற மாதிரி?"

"அது சரிதானே," என்றார் அண்ணை, ஈரக் காலுறையைப் பிழிந்தபடி.

"சரியில்லை அண்ணை," என்றாள் அக்னெஸ். "போன முறையும் இப்பிடித்தான். நாலு பேர் கண்டனாங்கள், நாலு பேரும் பேசாமல் நிண்டனாங்கள். அதாலதான் பாலாவின்ர கால் போனது."

சினிமாச் சுவரொட்டி ஒன்றைப் பார்ப்பதுபோல றெனோல்ட் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் என்ன மூண்டு வயசுப் பிள்ளையோ?" என்றார் அண்ணை.

"மூண்டு வயசுப் பிள்ளையள் விசிலுக்கு நிக்குதுகள் அண்ணை."

அவர் காலுறையை உதறி மாட்டிக்கொண்டார். பிறகு, "சரி, ஊதுங்கோ பாப்பம்," என்றார். ஆனால் அந்த வசந்தம் முழுக்க, அந்த மேடு உருகி ஒரு சேற்றுக் குளமும் ஒரு சப்பாத்தும் ஒரு ஷாப்பிங் ட்ராலியும் மிஞ்சும் வரைக்கும், அவருக்கு யாரும் விசில் ஊதவில்லை. அக்னெஸும் ஊதவில்லை. ஊத வேண்டிய ஒரு இடமும் வரவில்லை என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

யூலையில் கல்கரிக்குப் பறந்து, அங்கிருந்து வாடகை வாகனத்தில் போனார்கள். பூங்கா அலுவலகத்தில் குரல் மட்டும் தெரிந்த காவலரை நேரில் கண்டாள் அக்னெஸ். சங்கிலி இருக்கிறது, ஆனால் இந்த வாரம் அதால் யாரும் இறங்கவில்லை என்றார் காவலர். அடிப்பக்கம் எப்படி என்று நீங்களே பார்த்து முடிவெடுங்கள். திரும்பி வரும்போது எங்களுக்கும் சொல்லுங்கள்.

மறுநாள் கல்வரம்பின் மேல் நடந்தார்கள். ஒற்றையடிப் பாதை. இங்கே கயிறு தேவையில்லை. வழக்கம்போல அண்ணை முன்னால். மதியத்துக்குப் பிறகு சிவப்புக் கம்பம் வந்தது. வர்ணம் பாதி உரிந்திருந்தது. அதற்கு அப்பால் காற்று. பனி முன்னையதிலும் கீழே போய், கல் மூடிச் சாம்பல் நிறமாகக் கிடந்தது.

பாலாம்பிகை கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

அண்ணை கம்பத்தைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போய் நின்றார். அங்கே கல்வரம்பின் உட்சுவரில் ஒரு பள்ளம் வாய்க்கால்போலக் கீழே ஓடியது. அடியில் பழைய பனி ஒரு நாக்குப்போல மேலேறி வந்திருந்தது.

"இஞ்ச பாருங்கோ! இதால இறங்கினால் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில பனியில நிப்பம். எதுக்கு அவ்வளவு தூரம் சுத்துறது?"

சொல்லிக்கொண்டே அவர் ஒரு காலை வாய்க்காலுக்குள் வைத்தார். கயல் அவருக்கு இடம் விட்டு முதுகை ஒடுக்கி நின்றாள். அது பஸ்ஸில் பெரியவர்களுக்கு எழுந்து இடம் கொடுப்பதைப்போலத் தன்பாட்டில் நடந்தது. பாலாம்பிகையின் கை விசிலில் போய் அதிலேயே நின்றது. அக்னெஸ் வாய்க்காலைப் பார்த்தாள். யாரும் தொடாத இடத்தில், நடுவில், சின்னக் கற்கள் இரண்டு மூன்றாக உருண்டுகொண்டிருந்தன.

அவள் விசிலை வாயில் வைத்து ஊதினாள்.

எதிர்ப் பாறைச்சுவரில் அது மோதித் திரும்பி வந்தது. அண்ணை ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் மேலேயுமாக நின்றார். மெதுவாகத் திரும்பினார்.

"என்னையோ?"

"ஓம் அண்ணை. உங்களைத்தான்."

"ஏன்?"

"முதல் மேல வாங்கோ. பேந்து சொல்லுறன்."

அவருடைய முகம் இறுகியது. ஆனால் காலை எடுத்து மேலே வைத்தார். அக்னெஸ் உருளும் கற்களைக் காட்டினாள். அவர் பார்த்தார். பெரிய கல் எதுவும் விழவில்லை. ஒரு துண்டு நிலமும் சரியவில்லை. சரிந்திருந்தால் அக்னெஸுக்கு இலகுவாக இருந்திருக்கும். வாய்க்கால் முன்போலவே அமைதியாகக் கிடந்தது. அதால் போயிருந்தால் அவர்கள் நல்லபடியாக இறங்கியும் இருக்கலாம்.

"இதுக்கோ?" என்றார் அண்ணை.

"இதுக்குத்தான்."

அதன் பிறகு அவர் முன்னுக்கு நடக்கவில்லை. பாதையை விட்டு ஒதுங்கி நின்று மூவரையும் போகவிட்டு, பின்னால் வந்தார். கயல் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, அங்கிள் ரொம்பக் கோவமா இருக்காரு."

"கோவம் வரட்டும். கால் இருக்குதோ எண்டு மட்டும் பார்," என்றாள் அக்னெஸ். பங்கில் ஞானேந்திரன் அண்ணையை அப்படி நிறுத்தியவர் யாரும் இல்லை.

பாறைத்தட்டுகளை அடைய மாலையாகிவிட்டது. சங்கிலி காவலர் சொன்னபடியே இருந்தது. தடித்த ஆணிகள், உறுதியான பாறை. ஒவ்வொருவரும் இரண்டு கொளுக்கிகளை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். கடைசித் தட்டில் அக்னெஸ் நின்றுவிட்டாள்.

சங்கிலியின் நுனி காற்றில் தொங்கியது. அதைப் பொருத்தியபோது பனி அந்த இடத்தைத் தொட்டுக்கொண்டு நின்றிருக்க வேண்டும். இப்போது பாறைக்கும் பனிக்கும் இடையில் ஒரு வாசலகலத்துக்குக் கறுத்த இடைவெளி. அதன் ஆழத்தில் தண்ணீர் ஓடும் சத்தம். பனியின் விளிம்பில் மெல்லிய ஒரு தட்டு நீட்டிக்கொண்டு, சொட்டுச் சொட்டாக உருகிக்கொண்டிருந்தது.

மேல் தட்டில் நின்று அண்ணையும் அதைப் பார்த்தார். கம்பத்தடிக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தைகள் இவை:

"உம்மட வழியும் போச்சுது, பிள்ளை."

குத்திச் சொன்னதுபோல இருக்கவில்லை. களைத்த குரல். அக்னெஸ் நின்ற இடத்தில் இருந்தே பனியின் ஓரத்தைக் கண்ணால் பிடித்து மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டு போனாள். இடைவெளி எங்கும் தொடர்ந்தது. தூரத்தில், பாறை மூக்குப்போலத் துருத்திய ஒரு இடத்தில், பனி புடைத்து வந்து பாறையில் சாய்ந்திருந்தது.

"அங்க. ஆனா இண்டைக்கு இல்லை. எல்லாம் இளகிப் போய்க் கிடக்குது. நாளைக்கு விடிய, இறுகின பிறகு."

"நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு அக்கா. மறுநாள் ஃப்ளைட்," என்றாள் கயல்.

"தெரியும்."

"நாளைக்கும் இல்லையெண்டால்?" என்று கேட்டாள் பாலாம்பிகை. மூன்று வருடம் அந்தக் காலோடு படிகள் ஏறிப் பழகியவள் அவள்.

"இல்லையெண்டால் திரும்புவம். கோயில் மண்டபத்தில எழும்பி நிண்டு முடியேல்லை எண்டு நான் சொல்லுறன். ஆனா நாலு பேரும் எங்கட காலிலதான் திரும்புவம்."

தட்டுகளுக்கு மேலே சமதரையில் கூடாரம் அடித்தார்கள். வெயில் இன்னும் மலைமுகட்டில் இருந்தது. அக்னெஸ் தேநீர் ஊற்றி அண்ணையிடம் கொண்டுபோனாள். அவர் ஒரு கல்லில் இருந்து பனிமுள்ளின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"அண்ணை, நாளைக்கு நான் முன்னால போறன். பிறகு பாலா, பிறகு கயல். நீங்கள் கடைசி."

அவர் கோப்பையை வாங்கவில்லை. "விசில் ஊதினது காணாதோ? கடைசியிலயும் விட்டுத் தண்டிக்கிறீரோ?"

"இறங்கேக்க முன்னால போறவளுக்கு மேல மூண்டு பேர் பிடிச்சுக்கொண்டு நிக்கினம். கடைசியா இறங்கிறவருக்கு மேல ஒருத்தரும் இல்லை. கயலை அங்க விட ஏலாது. பாலாவின்ர காலை நம்பியும் விட ஏலாது. எங்களுக்க நிதானமா நிண்டு இறங்கக்கூடிய ஆள் நீங்கள்தான்."

அண்ணை வாரை இழுத்துப் பார்த்தார். விட்டார். மறுபடி இழுத்தார்.

"கார்டெறியில நீர் எந்த இடம்?"

"கடைசி."

அவர் கையை நீட்டித் தேநீரை வாங்கிக்கொண்டார். "சீனி போட்டனீரோ?"

"போட்டனான்."

"டொக்டர் வேண்டாமெண்டவர்," என்று சொல்லிவிட்டுக் குடித்தார்.

விடிந்தபோது சொட்டுச் சத்தம் நின்றிருந்தது. இரவுக் குளிரில் எல்லாம் இறுகியிருந்தது. கயிற்றில் நால்வரும் கொளுவிக்கொண்டு, கடைசித் தட்டில் இருந்து பாறை மூக்கை நோக்கி ஒரு ஒடுங்கிய விளிம்பால் பக்கவாட்டில் நகர்ந்தார்கள். அக்னெஸ் பாறையின் பிளவுகளில் கயிற்றைப் பொருத்திக்கொண்டே போனாள். மூக்கைச் சுற்றியதும் பனி முன்னால் வந்து நின்றது.

பாறைக்கும் பனிக்கும் நடுவில், மெத்தைபோல, பழைய பனி அடைத்துக் கிடந்தது. அவள் கோடரிப் பிடியால் குத்தினாள். கல்லுப்போல இருந்தது. இன்னொரு இடத்தில் குத்தினாள். அங்கும் அப்படியே. ஒரு எட்டு, அதற்கு அப்பால் பனியாறு. மூன்று வருடமாகத் தேடிய ஒரு எட்டு.

அவள் காலைத் தூக்கினாள். பின்னால் விசில் கேட்டது.

அக்னெஸுக்கு முதலில் வந்தது கோபம்தான். நான் குத்திப் பார்த்தேனே, பின்னால் நிற்கிறவர்களுக்கு என்ன தெரியும் என்ற கோபம். கால் அந்தரத்தில் நின்றது. பிறகு அவள் அதைத் திரும்பப் பாறையில் வைத்தாள். வைத்த பிறகுதான் கேட்டாள்:

"ஏன்?"

"அடியில வெளிச்சம் தெரியுது," என்றாள் பாலாம்பிகை. அவள் பாறை மூக்கின் வளைவில், கொஞ்சம் கீழே நின்றாள். "நீல வெளிச்சம். அந்த மெத்தைக்குக் கீழ ஒண்டுமில்லை, அக்னெஸ். நீ நிக்கிற இடத்தில இருந்து தெரியாது."

அக்னெஸ் குனிந்து பார்த்தாள். அவளுக்குத் தெரியவில்லை. தன் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்று அவள் காத்து நிற்கவும் இல்லை. விளிம்பால் இன்னும் மேலே நகர்ந்தாள். இரண்டு ஆள் நீளம் தாண்டியதும் மெத்தை முடிந்தது. அங்கே நடுவில் எதுவும் இல்லை. பாறையும் பனிக்கட்டியும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நின்றன. அழகான பனி அல்ல. கர்க்லாண்ட் மேட்டைப்போலச் சரளை பதிந்த, அழுக்குச் சாம்பல் நிறப் பனிக்கட்டி. கோடரியால் கொத்தினாள். உள்ளே நீலம்.

அவள் பின்னால் திரும்பி மூவரையும் பார்த்தாள். யாருடைய கையும் விசிலுக்குப் போகவில்லை.

வலதுகாலை வைத்தாள். பனிமுள் கறுக்கென்று பிடித்தது. மற்றக் காலையும் வைத்து, சில எட்டுகள் நடந்து, பனியில் திருகாணி இரண்டை முறுக்கி இறக்கிக் கயிற்றைக் கட்டிய பிறகுதான் நிமிர்ந்து சுற்றிப் பார்த்தாள்.

பாலாம்பிகை வந்தாள். வேண்டுமென்றே உடைந்த காலைத்தான் முதலில் வைத்தாள். வைத்து ஒரு தடவை மிதித்தும் பார்த்தாள். "ம், இருக்குது," என்றாள். கயல் வந்ததும் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி, பனியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐயோ, சில்லுன்னு இருக்குக்கா," என்றாள். வேறு எப்படி இருக்கும் என்று பாலாம்பிகை கேட்டாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

பாறையில் அண்ணை தனியே நின்றார். அவருக்கு மேலே யாரும் இல்லை. கயிற்றைப் பொருத்திய இடங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கொளுக்கிகளை இடுப்பில் மாட்டிக்கொண்டு, அவசரப்படாமல் வந்தார். பனி பாறையைத் தொடும் இடத்தில் நின்றார். முன்னர் ஒருமுறை வாசற்படி இறங்குவதுபோல இதே பனியாற்றில் இறங்கியவர்.

"அக்னெஸ்," என்று கூப்பிட்டார். "இறங்கட்டோ?"

அவர் அப்படி அனுமதி கேட்டுக் குழுவில் யாரும் கண்டதில்லை. கயலின் சிரிப்பு நின்றது. அக்னெஸ் இரண்டு திருகாணிகளையும் கையால் ஆட்டிப் பார்த்தாள். கயிற்றை இறுக்கினாள். அவருடைய காலடியைப் பார்த்தாள்.

"ஓம் அண்ணை. வாங்கோ."

திரும்பும் வழியில் பூங்கா அலுவலகத்தில் எல்லாவற்றையும் சொன்னார்கள். சங்கிலியின் நுனி தொங்குவதை, இடைவெளியை, மூக்கடி மெத்தையின் கீழே தெரிந்த வெளிச்சத்தை. காவலர் கேட்டுவிட்டு, இது இந்தக் கோடைக்குச் சரி என்றார். அடுத்த கோடைக்கு அடுத்த கோடையில் கேளுங்கள்.

மண்டபத்தில் அக்னெஸ் எழும்பி நின்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு முன்னமே அண்ணை சொல்லத் தொடங்கிவிட்டார். தனக்கு விசில் ஊதிய கதையைத்தான் முதலில் சொன்னார். சொல்லச் சொல்ல விசிலின் சத்தம் கூடிக்கொண்டு போனது. மலைப்பயணம் தொடரும் என்று முடிவானது.

அடுத்த ஏப்ரலில் ஏழு பேர் கர்க்லாண்டுக்கு வந்தார்கள். அந்த வருடம் இயந்திரங்கள் பனியைத் தரிப்பிடத்தின் மற்ற மூலையில் தள்ளியிருந்தன. போன வருடம் ஏறிய பக்கம் இப்போது செங்குத்து. றெனோல்ட் காருக்குச் சாய்ந்து கோப்பியோடு நின்றார். காவலாளி தூரத்தில் நின்றே கையசைத்தார்.

"எதால ஏறுறது?" என்று கேட்டார் அண்ணை. மேட்டில் கால் வைக்காமல், கயிற்றின் கடைசி நுனியைத் தன் இடுப்பில் கொளுவிக்கொண்டிருந்தார்.

"முதல் ஒருக்காச் சுத்திப் பாப்பம்," என்றாள் அக்னெஸ்.